நாட்பட்ட நோயுள்ளவர் எவ்வளவு நடக்க வேண்டும், அதை எதைக் கொண்டு அளப்பது?

வாசகர் கேள்வி, 4 ஆகஸ்ட் 2025

என் அப்பாவுக்கு 64 வயது. பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதயத் தமனி அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். "நன்றாக நடங்கள்" என்று மருத்துவர் சொன்னாரே தவிர, எவ்வளவு என்று சொல்லவில்லை. அக்கா வாங்கிக் கொடுத்த கைக்கடிகாரத்தில் ஒரு நாளும் 3,500 அடிக்கு மேல் காட்டுவதில்லை. 10,000 வராத நடையால் என்ன பயன் என்று மனம் விட்டுப்போய், இப்போது கடிகாரத்தையே கழற்றி மேசையில் வைத்துவிட்டார். 10,000 கட்டாயமா? அந்தக் கடிகாரத்தை நம்பலாமா?

4 ஆகஸ்ட், இரவு

கட்டாயமில்லை. இயன்முறை மருத்துவராக நீரிழிவு, இதய நோய், நுரையீரல் நோய் உள்ளவர்களுடன் பல ஆண்டுகளாக வேலை செய்து வருகிறேன். இந்த ஒரு எண் எத்தனை பேரை வீட்டுக்குள் உட்கார வைத்திருக்கிறது என்று பார்த்தவன் என்பதால் இதைச் சற்று அழுத்தியே சொல்கிறேன். 10,000 என்ற எண் எந்த நோயாளியையும் ஆராய்ந்து வந்ததல்ல. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கை அடுத்து ஜப்பானில் நடைப்பயிற்சி பரவிய காலத்தில், 1965இல் யமாசா என்ற கடிகார நிறுவனம் விற்ற அடி எண்ணும் கருவியின் பெயரோடு வந்த எண் அது.

ஆய்வுகள் வேறு கணக்கைச் சொல்கின்றன. 2019இல் ஐ-மின் லீ குழுவினர் அமெரிக்காவில் சராசரி வயது 72 உள்ள 16,741 பெண்களின் நடையைக் கருவி கொண்டு அளந்து வெளியிட்ட ஆய்வில், நாளுக்கு ஏறத்தாழ 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு விகிதம் 41 சதவீதம் குறைவாக இருந்தது. 7,500 அடியை ஒட்டி அந்தப் பயன் மேலும் கூடாமல் நின்றுவிட்டது. சென்ற மாதம் லான்செட் பப்ளிக் ஹெல்த் இதழில் வந்த, 57 ஆய்வுகளைத் தொகுத்த கட்டுரையும் 7,000 அடியைத்தான் பேசுகிறது. மிகக் குறைவாக நடப்பவர் சிறிது கூட்டினாலே பெரும் பயன் என்பது இவை எல்லாவற்றிலும் திரும்பத் திரும்ப வரும் செய்தி.

ஆகவே உங்கள் அப்பாவுக்கு முதல் வேலை, கடிகாரத்தை மீண்டும் கட்டிக்கொண்டு, எதையும் மாற்றாமல், ஒரு வாரம் வழக்கம்போல் இருப்பது. அந்த வாரத்தின் சராசரிதான் அவருடைய தொடக்கப்புள்ளி. அது 3,200 என்று வந்தால் அடுத்த இரண்டு மூன்று வாரங்களுக்கு 3,700 போதும். அது நிலைத்தபின் மேலும் ஐந்நூறு கூட்டலாம்.

5 ஆகஸ்ட்

நேற்று எழுதியதோடு இதையும் சேர்த்துப் படியுங்கள். இதைச் செய்யாமல் நடையைக் கூட்டக் கூடாது.

அப்பாவின் மருந்துச் சீட்டைப் பாருங்கள். இன்சுலினோ, கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரையோ இருந்தால் நடையின் நடுவிலும், நடந்து பல மணி நேரம் கழித்தும்கூடச் சர்க்கரை தாழலாம். நடக்கும் முன் 90க்குக் கீழ் இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். சட்டைப் பையில் குளுக்கோஸ் பொட்டலமோ சர்க்கரையோ எப்போதும் இருக்க வேண்டும். ஸ்டென்ட் வைத்தவர் என்பதால் மெட்டோபுரோலால் போன்ற, இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மருந்தை எடுப்பவராகவும் இருக்கலாம். அது படபடப்பையும் நடுக்கத்தையும் மறைத்துவிடும் என்பதால், வியர்வைதான் சர்க்கரை தாழ்வதற்கான முக்கிய அடையாளமாக மிஞ்சும்.

அடுத்து, கால். உள்ளங்காலில் உணர்ச்சி குறைந்திருக்கிறதா என்று ஒருமுறையாவது சோதித்திருக்க வேண்டும். குறைந்திருந்தால் ரப்பர் செருப்பில் நடப்பது ஆபத்து, உணர்ச்சி குறைந்த காலுக்கென்று மென்மையான நுண்துளை ரப்பரில் செய்யப்படும் எம்.சி.ஆர். செருப்பு வாங்கிக் கொடுங்கள். வெறுங்காலோடு கோயில் பிராகாரம் சுற்றுவதையும் நடைக் கணக்கில் சேர்க்காதீர்கள். நண்பகலில் கொதிக்கும் கல்லில் நடந்து, சூடே தெரியாமல், மறுநாள் கொப்புளத்தோடு வந்த பெரியவர்களுக்குக் கட்டுப் போடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

நெஞ்சில் இறுக்கம், இடது தோளிலோ தாடையிலோ வலி, வழக்கத்துக்கு மாறான மூச்சுத் திணறல் ஆகியவற்றில் எது வந்தாலும் நின்றுவிட வேண்டும். அன்றைய இலக்கை அன்றோடு விட்டுவிடுங்கள்.

7 ஆகஸ்ட்

கடிகாரத்தை நம்பலாமா என்ற இரண்டாவது கேள்விக்கு இப்போதுதான் வருகிறேன்.

மணிக்கட்டில் கட்டும் கருவி அடியை நேராக எண்ணுவதில்லை. கை அசைவின் தாளத்தைக் கொண்டு அடியை ஊகிக்கிறது. இளைஞர் ஒருவர் வேகமாகக் கை வீசி நடக்கும்போது அந்த ஊகம் நன்றாகவே பொருந்தும். பாதத்தைத் தேய்த்துத் தேய்த்து மெல்ல நடப்பவர், வாக்கர் பிடித்து நடப்பவர், பக்கவாதத்தால் ஒரு கை விழுந்தவர், ஒரு கையில் காய்கறிப் பையைச் சுமந்து வருபவர் ஆகியோரிடம் அது குறைத்துக் காட்டும். நோய் எவ்வளவு முற்றியிருக்கிறதோ அவ்வளவு நடை மெதுவாகும், அவ்வளவுக்குக் கருவியின் பிழையும் கூடும். யாருக்கு அளவு மிகவும் தேவையோ அவரிடமே அது தடுமாறுகிறது என்பது என்னைத் தொடர்ந்து உறுத்தும் விஷயம்.

அதற்காகத் தூக்கி எறிய வேண்டியதில்லை. ஒரே கடிகாரத்தை ஒரே கையில் கட்டியிருக்கும்வரை, அது காட்டும் எண் உண்மையைவிடக் குறைவாக இருந்தாலும், இந்த வாரத்தைச் சென்ற வாரத்தோடு ஒப்பிடப் பயன்படும். மாமாவின் கடிகாரம் காட்டும் எண்ணோடு ஒப்பிடத்தான் பயன்படாது. நடை வேகம் மாறிக்கொண்டே வருபவரிடம் இந்த ஒப்பீட்டையும் கவனமாகத்தான் செய்ய வேண்டும்.

எவ்வளவு நடந்தார் என்பதைப் போலவே, எவ்வளவு உழைத்து நடந்தார் என்பதும் முக்கியம். இதயத் துடிப்பைக் கொண்டு அதை அளக்கலாம் என்று கடிகாரம் சொல்லும். ஆனால் பீட்டா பிளாக்கர் எடுப்பவரின் துடிப்பை மருந்தே பிடித்து வைத்திருப்பதால், கடிகாரத்தின் வண்ண வளையங்கள் அவருக்குப் பொருந்தாது. அங்கே எளிய வழி பேச்சு: நடந்துகொண்டே வாக்கியம் முழுவதையும் பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. அந்த நிலைதான் மிதமான உழைப்பு. பேச்சு இரண்டு மூன்று சொற்களில் முறிந்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும். உழைப்பு எவ்வளவு கடினமாக இருக்கிறது என்று நோயாளியே எண்ணால் சொல்ல, ஸ்வீடன் நாட்டின் குன்னார் போர்க் வகுத்த 6 முதல் 20 வரையான அளவுகோலைத்தான் நாங்கள் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறோம். அதில் 12, 13 என்று நோயாளி விரலால் தொட்டுக் காட்டினால் போதும். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவர்கூட இரண்டாம் நாளில் சரியாகத் தொட்டுக் காட்டிவிடுகிறார்.

8 ஆகஸ்ட்

இந்தப் பதில்களைப் படித்த ஒரு நண்பர், "தொடர்ந்து பத்து நிமிடம் நடந்தால்தான் கணக்கு" என்று எழுதியிருக்கிறார். அது பழைய விதி. உலக சுகாதார நிறுவனம் 2010இல் அப்படிச் சொன்னது உண்மை; 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் அந்த நிபந்தனையை நீக்கிவிட்டது. இப்போது எவ்வளவு சிறிய நடையும் கணக்கில் சேரும். அதே வழிகாட்டுதலில்தான் நாட்பட்ட நோயுடன் வாழ்பவர்களுக்கென்று முதன்முறையாகத் தனியே பரிந்துரைகள் வந்தன. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பும், இரண்டு நாளாவது தசை வலுவூட்டும் பயிற்சியும் அதன் சாரம். அதை எட்ட முடியாதவர் தம்மால் முடிந்ததைச் செய்ய வேண்டும் என்பதும் அதிலேயே எழுதப்பட்டிருக்கிறது. நோயாளிகளிடம் அந்த வரியைத்தான் யாரும் படித்துக் காட்டுவதில்லை.

11 ஆகஸ்ட்

கடிகாரமே இல்லாதவருக்கு என்ன வழி என்று ஓர் அம்மா கேட்டிருந்தார். எனக்குப் பிடித்த அளவை அதற்கு உண்டு: ஆறு நிமிடத்தில் ஒருவர் எவ்வளவு தூரம் நடக்கிறார் என்பது. நிதானமாக எழுதுகிறேன்.

ஆறு நிமிட நடைச் சோதனைக்குத் தேவையானவை 30 மீட்டர் நீளமுள்ள ஒரு நடைக்கூடம், ஒரு நிறுத்துக் கடிகாரம், இரண்டு முனையிலும் ஏதாவது ஓர் அடையாளம். நாங்கள் நாற்காலிகளைப் போட்டு, மூன்று மீட்டருக்கு ஒரு சிவப்பு டேப் ஒட்டியிருக்கிறோம். நோயாளி முன்னும் பின்னுமாகத் தம் வேகத்தில் ஆறு நிமிடம் நடக்க வேண்டும். நடுவில் நிற்கலாம், சுவரில் சாயலாம். கடிகாரத்தை மட்டும் நிறுத்த மாட்டோம். உடன் நடப்பவர் நோயாளிக்கு முன்னால் போகக் கூடாது; போனால் அந்த வேகத்தை நோயாளி பிடித்துக்கொள்வார். ஒவ்வொரு நிமிடமும் "நன்றாக நடக்கிறீர்கள், இன்னும் ஐந்து நிமிடம் இருக்கிறது" என்பது போன்ற வரையறுத்த வாக்கியங்களைத் தவிர வேறெதுவும் சொல்லக் கூடாது. உற்சாகப்படுத்தினாலே தூரம் கூடிவிடும் என்பதால்தான் அமெரிக்க மார்பு நோய்ச் சங்கம் 2002இல் அந்த வாக்கியங்களைக்கூட எழுதி வைத்தது.

விறகடுப்பில் வாழ்நாள் முழுவதும் சமைத்து நுரையீரல் பழுதான ஒரு பாட்டி, முதல் முறை நான்காம் நிமிடத்தில் சுவரில் கை ஊன்றி நின்றார். உதட்டைக் குவித்து மூச்சை மெல்ல வெளியே விட்டார். விரலில் மாட்டிய ஆக்சிஜன் மானியை அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன். இருபது விநாடி கழித்து மறுபடி நடந்தார். மொத்தம் 210 மீட்டர். இரண்டு மாதப் பயிற்சிக்குப் பின் 255 மீட்டர் வந்தது. நாட்பட்ட நுரையீரல் நோயில் ஏறத்தாழ 30 மீட்டர் கூடினாலே நோயாளி உணரத்தக்க முன்னேற்றம் என்று கொள்கிறார்கள். அவர் மீட்டரைக் கேட்கவில்லை. "நடுவுல நிக்கலியே, பாத்தியாய்யா?" என்றுதான் கேட்டார். அவர் நின்றாரா இல்லையா என்பதையும் நான் தூரத்துக்குப் பக்கத்தில் எழுதி வைக்கிறேன்.

இதை வீட்டு மாடியில் நீங்களாகவே செய்து பார்க்காதீர்கள். கடந்த ஒரு மாதத்துக்குள் மாரடைப்பு வந்தவருக்கும், ஓய்விலும் நெஞ்சுவலி வருபவருக்கும் இது கூடவே கூடாது. வீட்டில் அளக்க வேண்டுமானால், இதற்குப் பதிலாக, தெருமுனைக் கடை வரை போய்வர எத்தனை முறை நிற்க வேண்டியிருக்கிறது என்று வாரம் ஒருமுறை நாட்குறிப்பில் எழுதுங்கள். மருத்துவருக்கு அந்தக் குறிப்பும் பயன்படும்.

14 ஆகஸ்ட்

"எங்கள் வீட்டுப் பெண்கள் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை செய்கிறார்கள், அவர்களுக்கு எதற்கு நடை?" என்று ஒருவர் எழுதியதைப் பற்றி இரண்டு நாளாக யோசித்தேன்.

உலக சுகாதார நிறுவனத்தின் உடலுழைப்புக் கேள்வித்தாளில் 16 கேள்விகள் உண்டு. வேலை, போக்குவரத்து, ஓய்வுநேரம் என்று மூன்றையும் தனித்தனியே கேட்கும். நான் அதை வைத்துக் கேட்கும்போது, "உடற்பயிற்சியா, அதுக்கு ஏது நேரம்?" என்று ஒரு பெண் சொல்வார். அவரே குழாயடியிலிருந்து குடம் சுமந்து, மாவாட்டி, துணி துவைத்து, மாட்டுக்குப் புல் அறுத்து வந்திருப்பார். வேலையைப் பற்றித் துருவிக் கேட்காத தாளில் அவர் உழைப்பு பூச்சியம் என்று பதிவாகிவிடும். நம் ஊர் வேலைகளைச் சேர்த்துக் கேட்பதற்காகவே சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் தனியாக ஒரு கேள்வித்தாளை உருவாக்கியிருக்கிறது.

ஆனால் மறுபக்கமும் இருக்கிறது. தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகிய இடங்களில் நடந்து 2014இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நீரிழிவு ஆய்வில், வேலையையும் பயணத்தையும் சேர்த்துக் கணக்கிட்ட பிறகும், 54.4 சதவீதம் பேர் போதிய உடலுழைப்பு இல்லாதவர்கள். ஓய்வுநேரத்தில் உடலை அசைப்பவர்கள் 10 சதவீதத்துக்கும் குறைவு. 2024இல் லான்செட் குளோபல் ஹெல்த் வெளியிட்ட கணக்கில் இந்தியப் பெண்களில் 57 சதவீதமும் ஆண்களில் 42 சதவீதமும் போதிய உழைப்பு இல்லாதவர்கள். மிக்சியும் கிரைண்டரும் வாஷிங் மெஷினும் வந்த வீட்டில் பெண்கள் நாள் முழுக்க நிற்கிறார்கள், களைக்கிறார்கள். ஆனால் இதயத்தை வேகமாக ஓட வைக்கும் வேலை அதில் குறைவு. அவர்களின் களைப்பு உண்மையானது. அதைப் பயிற்சி என்று கணக்கிட்டு, அவர்களுக்கு நடக்க நேரமே ஒதுக்காமல் விடுவதுதான் தவறு. வீட்டில் மற்றவர்கள் இரவுப் பாத்திரத்தைத் துலக்கினால் அந்த அம்மா அரை மணி நேரம் வெளியே போய்வர முடியும். நோயாளியிடம் மட்டும் அறிவுரை சொல்லிவிட்டுக் குடும்பத்திடம் இதைக் கேட்காமல் விடுபவர்கள் என் துறையில் நிறையப் பேர்.

15 ஆகஸ்ட்

எப்போது நடப்பது என்று கேட்டவருக்கு: சர்க்கரை உள்ளவர் என்றால் உணவுக்குப் பின். நியூசிலாந்தில் டுனெடின் நகரில் 41 பேரிடம் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், நாளில் ஏதோ ஒரு நேரத்தில் 30 நிமிடம் நடப்பதைவிட ஒவ்வொரு முக்கிய உணவுக்குப் பின்னும் 10 நிமிடம் நடந்தபோது உணவுக்குப் பின்னான சர்க்கரை 12 சதவீதம் குறைவாக இருந்தது. இரவு உணவுக்குப் பின் 22 சதவீதம். இரவில் சோறோ இட்லியோ சாப்பிட்டதும் தொலைக்காட்சி முன் சாயும் வழக்கம் உள்ள வீடுகளுக்கு இது நேரடியாகப் பொருந்தும். ஆனால் இதயத் தமனியில் அடைப்பு உள்ளவருக்கு வயிறு நிரம்பச் சாப்பிட்ட உடனே வேகநடை கூடாது. உங்கள் அப்பா மெல்ல, வீட்டு வாசலிலேயே நடந்தால் போதும்.

19 ஆகஸ்ட்

நான் எழுதியவற்றைப் படித்த ஒருவர், "அப்படியானால் எல்லா நோய்க்கும் நடைதான் மருந்து" என்று முடித்திருக்கிறார். அந்த முடிவை ஏற்க முடியாது. முதலிலேயே இதைப் பிரித்து எழுதியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சில நோய்களில் சான்று மிக உறுதி. பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவையும் கீமோதெரபியும் முடிந்த 889 பேரிடம் நடந்து இந்த ஆண்டு ஜூனில் வெளியான சோதனையில், மூன்று ஆண்டு வழிநடத்திய உடற்பயிற்சி பெற்றவர்களில் 80.3 சதவீதம் பேர் ஐந்தாம் ஆண்டில் நோய் திரும்பாமல் இருந்தார்கள். கையேடு மட்டும் பெற்றவர்களில் அது 73.9 சதவீதம். வெறும் கையேட்டுக்கும், கூடவே நின்று வழிநடத்தும் ஒரு மனிதருக்கும் உள்ள வேறுபாட்டையும் சேர்த்துத்தான் அந்த இரண்டு எண்களும் காட்டுகின்றன என்று எனக்குப் படுகிறது.

நாட்பட்ட களைப்பு நோயில் கதை நேர்மாறு. அந்நோயில் சிறிது உழைத்தாலும் ஒன்றிரண்டு நாள் கழித்து உடல் படுத்துவிடும். படிப்படியாகப் பயிற்சியைக் கூட்டும் சிகிச்சையை சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2021இல் தன் பரிந்துரையிலிருந்து நீக்கியது. கோவிட்டுக்குப் பின் அதே குறி உள்ளவர்களிடமும் இந்த எச்சரிக்கை தேவை. நடந்த அன்று நன்றாக இருந்து மறுநாள் எழ முடியாமல் போகிறவரை "சோம்பல்" என்று குடும்பம் திட்டுவதைக் கேட்டிருக்கிறேன். அவரை இன்னும் நடக்கச் சொல்வது தீங்கு.

4ஆம் தேதி நான் சொன்ன அடிக்கணக்கு ஆய்வுகளிலும் ஒரு சிக்கல் உண்டு. அவை நடப்பவர்களைக் கவனித்த ஆய்வுகள். ஏற்கெனவே நோய் முற்றியவர் குறைவாக நடப்பார், விரைவில் இறக்கவும் செய்வார். அந்த 41 சதவீதம் முழுவதையும் நடையின் கணக்கில் எழுதிவிட முடியாது. ஆய்வாளர்கள் இதைக் கழிக்க முயன்றிருக்கிறார்கள். ஆயினும் அந்த எண்ணைத் திசைகாட்டியாக மட்டுமே நான் கொள்கிறேன்.

24 ஆகஸ்ட்

கேள்வி கேட்டவர் செய்தி அனுப்பியிருக்கிறார். அப்பாவின் ஒரு வாரச் சராசரி 2,900. கடிகாரத்தை மீண்டும் கட்டியிருக்கிறார். ஆனால் நடக்க இடம் இல்லை, தெருவில் நாய்த் தொல்லை என்கிறார்.

நடக்கத் தூண்டுவது பற்றிய பேச்சு இங்கேதான் தொடங்க வேண்டும். தமிழ்நாடு அரசு 2023 நவம்பரில் "நடப்போம் நலம் பெறுவோம்" என்று மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதையைத் தொடங்கியது. நல்ல முயற்சி. ஆனால் மூட்டு தேய்ந்தவருக்கும் ஸ்டென்ட் வைத்தவருக்கும் 8 கிலோமீட்டர் என்ற பலகை மிரட்டும். 200 மீட்டருக்கு ஒரு பெஞ்சும் ஒரு கழிவறையும் அவர்களுக்குக் கூடுதலாகத் தேவை. சிறுநீர் மாத்திரை எடுப்பவர்கள் கழிவறை இல்லாத பூங்காவுக்குப் போக மாட்டார்கள் என்பதைத் திட்டம் தீட்டுபவர்கள் நினைவில் கொள்ள வேண்டும். வெளியே வரவே முடியாதவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை அளிக்கும் ஏற்பாடு உண்டு. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

உங்கள் அப்பா இப்போதைக்கு மாடியிலோ வீட்டு நடையிலோ காலை, மாலை எட்டு நிமிடம் நடக்கட்டும். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவதை நாளுக்கு இரண்டு தவணை செய்யட்டும்; தொடை வலுவானால் நடை தானே கூடும். இலக்கு 3,400. அந்த எண்ணை அவர் கையாலேயே நாட்காட்டித் தாளில் எழுதட்டும். கருவி மட்டும் போதாது. அடி எண்ணும் கருவிகளைப் பற்றி 2007இல் வந்த ஒரு தொகுப்பாய்வில், இலக்கு வைத்துக்கொண்டவர்களே நடையைக் கூட்டினார்கள், இலக்கில்லாமல் கருவி கட்டியவர்களிடம் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை. அக்கா வாரம் ஒருமுறை அழைத்து எண்ணைக் கேட்பதும் உதவும். நீரிழிவு வரும் நிலையில் இருந்த 537 ஆண்களிடம் தென்னிந்தியாவில் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், வெறும் குறுஞ்செய்தி மூலம் நினைவூட்டப்பட்டவர்களில் இரண்டு ஆண்டில் நோய் வந்தவர்கள் 18 சதவீதம்; குறுஞ்செய்தி பெறாதவர்களில் அது 27 சதவீதம். அக்காவின் குரல் குறுஞ்செய்தியைவிட வலியது.

2 செப்டம்பர்

அப்பா 3,400ஐத் தாண்டிவிட்டார் என்ற செய்தியைப் பார்த்து உண்மையிலேயே மகிழ்ந்தேன். இம்மாத இறுதிவரை இதே அளவில் நிற்கட்டும்; மகிழ்ச்சியில் ஒரேயடியாக 6,000க்குத் தாவ வேண்டாம்.

எண் குறைந்தால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். மழை, காய்ச்சல், கல்யாண வீடு என்று காரணம் தெரிந்தால் கவலை வேண்டாம். காரணமில்லாமல் நான்கைந்து நாள் தொடர்ந்து குறைந்தால், சோம்பலா என்று கேட்கும் முன் உடலைப் பாருங்கள். இதய நோயாளியின் நடை சுருங்குவது சில வேளைகளில் நீர் கோப்பதன் முதல் அடையாளம். காலையில் சிறுநீர் கழித்தபின் எடை பாருங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறியிருந்தாலோ, கணுக்காலை விரலால் அழுத்தினால் குழி விழுந்தாலோ, படுக்கும்போது தலையணையை உயர்த்த வேண்டியிருந்தாலோ, அடுத்த பரிசோதனை நாள் வரை காத்திராமல், கடிகாரத்தின் ஒரு மாதக் கணக்கையும் எடைக் குறிப்பையும் எடுத்துக்கொண்டு அன்றைக்கே அவருடைய இதய மருத்துவரிடம் காட்டுங்கள்.